அம்மாவின் 60 மாதங்கள்

சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில், 2017இலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். உதவிப் படிவங்களோடு இப்போது மல்லாடிக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 71. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "எல்டர்ஷீல்டு இருக்கிறதா?" என்று மருத்துவச் சமூக ஊழியர் கேட்டபோது நான் விழித்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா, குழறிய பேச்சில், "இருக்கிறது" என்றார். உடல் தளர்ந்து பிறர் உதவியில் வாழ்பவர்களுக்கு மாதாமாதம் பணம் தரும் காப்புறுதி அது. 2002இல் அது தொடங்கியபோது, வேண்டாதவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கடிதம் வந்ததாம். அப்பா தன் பெயரை எடுத்துவிட்டார். "என்னுடையது இருக்கட்டும்" என்று அம்மா தடுத்திருக்கிறார். அம்மா சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் இல்லை. சந்தா அப்பாவின் மெடிசேவ் கணக்கிலிருந்துதான் போனது. சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று பிடித்துச் சேர்க்கிற கணக்கு அது. அப்பா காலமாகி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பணம்தான் எங்களுக்குக் கை கொடுத்தது.

ஆனால் உடனே கிடைத்துவிடவில்லை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஆறு காரியங்களைப் பார்க்கிறார்கள். அவற்றில் மூன்றையாவது பிறர் உதவியின்றிச் செய்ய முடியாது என்று மதிப்பீட்டாளர் எழுத வேண்டும். அவர் வீட்டுக்கு வந்த அன்று, அம்மா நல்ல சேலை கேட்டார். தலை வாரி, பொட்டு வைத்து, விருந்தாளி வருகிற வீடு மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"குளிக்க முடிகிறதா அம்மா?"

"முடியுமே."

"சேலை?"

"நானே கட்டிக்கொள்வேன்."

அந்தச் சேலையைக் கட்டிவிட அன்று காலை எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்திருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்து, உயிரைக் கொடுத்து, ஒரு தடவை எழுந்து நின்றும் காட்டினார். அந்நிய மனிதர் முன்னால் அம்மாவைப் பொய்யாக்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு காரியங்கள் மட்டும் பதிவாயின. விண்ணப்பம் தள்ளுபடியானது.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். விழுந்த நேரம், நனைந்த படுக்கை, சட்டை மாற்ற எத்தனை பேர் பிடித்தோம் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்: எழுதி வையுங்கள், மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள். இரண்டாம் முறை அவர் வருவதற்கு முந்தைய இரவு அம்மாவிடம் கெஞ்சினேன். "உங்களுக்காக வேண்டாம் அம்மா, எனக்காக உள்ளதைச் சொல்லுங்கள். ஆள் வைக்காமல் என்னால் சமாளிக்க முடியவில்லை." மறுநாள் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, "தனியாக எழுந்திருக்க முடியவில்லை" என்றார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்டு மாதம் முதல் தொகை வந்தது. மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சிங்கப்பூரின் மூத்த குடிமக்களான 'முன்னோடித் தலைமுறை'யைச் சேர்ந்தவர் என்பதால் தனியாக 100 வெள்ளியும் கிடைத்தது. அது ஆயுள் முழுவதும் உண்டு. இந்தோனேசியாவிலிருந்து ஒரு பணிப்பெண்ணை வைத்தோம். அவருக்காக அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய மாதத் தீர்வை சலுகையில் 60 வெள்ளிதான். 2019 அக்டோபரில் வீட்டுப் பராமரிப்பு மானியம் தொடங்கியதும் இன்னொரு 200 சேர்ந்தது. இத்தனையும் வந்தும் சம்பளம், டயப்பர், மருந்து என்று மாதக் கடைசியில் என் கையிலிருந்துதான் போட வேண்டியிருந்தது. ஆனாலும் நான் வேலையை விடாமல் இருந்தேன் என்றால் அதற்கு இந்தப் பணமே காரணம்.

2022 ஜூலையோடு 300 வெள்ளி நின்றது. அம்மாவின் காப்புறுதி 60 மாதத்துக்குத்தான். அதற்குள் மறதி நோயும் சேர்ந்து, அம்மா என்னை 'அக்கா' என்று அழைக்க ஆரம்பித்திருந்தார். உதவி அதிகம் தேவைப்பட்ட நேரத்தில் பணம் முடிந்துபோனது. எல்டர்ஷீல்டுக்குப் பதிலாக 2020இல் வந்த புதிய காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப், உடல் தளர்ந்திருக்கும் வரை ஆயுள் முழுவதும் பணம் தருகிறது. ஆனால் அம்மாவின் வயதினரில் ஏற்கெனவே படுத்துவிட்டவர்கள் அதில் சேர முடியாது. மெடிசேவிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம் என்றார்கள். அதற்கு அம்மாவுடைய கணக்கிலோ வாழ்க்கைத் துணையின் கணக்கிலோ போதிய பணம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் கணக்கைத் தொட முடியாது. காலமெல்லாம் வீட்டில் உழைத்த ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து கணக்கு வரும்? இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2023 மார்ச்சில் எங்களுக்கான மானியம் 250 வெள்ளியானது. விட்ட 300க்கு வந்தது 50.

நான் 1981இல் பிறந்தவள். எனக்கு கேர்ஷீல்டு லைஃப் கட்டாயம். அண்ணன் 1976. அவரைத் தானாகவே சேர்த்திருந்தார்கள், 2023 முடிவதற்குள் விலகிக்கொள்ள வழியும் வைத்திருந்தார்கள். சந்தா ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், விலகிவிடுகிறேன் என்று அந்த டிசம்பரில் சொன்னார். நான் வாதாடவில்லை. அலமாரியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவின் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து வெகுநேரம் படித்தார். டிசம்பர் 31 வந்து போனது. அண்ணன் விலகவில்லை.