கலைச்சொல் விவாதம்: ஃபீட்லாட் இருப்பும் குளிர்காலக் கோதுமை முன்கணிப்பும்

அனுப்பியவர்: த.கு.
பொருள்: ஃபீட்லாட், கேட்டில் ஆன் ஃபீட், வின்டர் வீட் – தமிழில் என்ன?

குழுமத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்க வேளாண்துறை மாதந்தோறும் வெளியிடும் மாட்டு அறிக்கையையும் கோதுமை முன்கணிப்பையும் தமிழ் வணிகச் செய்தியில் தருவதற்கு ஒரு சொற்பட்டியல் வேண்டும். இப்போது புழங்கும் மொழிபெயர்ப்புகள் எண்ணையே பொய்யாக்கிவிடுகின்றன. 'அமெரிக்காவில் தீவனம் உண்ணும் மாடுகள் 1.18 கோடி' என்று எழுதினால், மற்ற மாடுகள் பட்டினியா என்று வாசகர் கேட்பார்.

2025 ஜனவரி 1 அன்று அங்கே மொத்தம் 8.67 கோடி மாடுகள் இருந்தன. 1951-க்குப் பின் அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. அவற்றில் 1.43 கோடி, வெட்டுக்கு முன் தீனி ஊட்டி எடையேற்றும் அடைப்புகளான ஃபீட்லாட்களில் நின்றன. அந்த 1.43 கோடியிலும், ஒரே சமயத்தில் 1,000 மாடுகளோ அதற்கு மேலோ அடைக்க இடமுள்ள பெரிய ஃபீட்லாட்களில் இருந்தவைதான் 1.18 கோடி. மாத அறிக்கை பெரியவற்றை மட்டுமே எண்ணும். டெக்சஸ், நெப்ராஸ்கா, கான்சஸ் மூன்றிலும் சேர்த்து அந்த 1.18 கோடியில் பாதிக்கு மேல்.

என் முன்மொழிவு: ஃபீட்லாட் = தீனிப்பட்டி; கேட்டில் ஆன் ஃபீட் = தீனிப்பட்டி இருப்பு; பிளேஸ்மென்ட்ஸ் (அந்த மாதம் புதிதாக உள்ளே வந்தவை) = பட்டிவரவு; மார்க்கெட்டிங்ஸ் = விற்பனை; அதர் டிஸ்அப்பியரன்ஸ் = பிற குறைவு. கோதுமைப் பக்கம்: வின்டர் வீட் = குளிர்காலக் கோதுமை; அபேண்டன்மென்ட் = கைவிட்ட பரப்பு. வெட்டியும் ஒட்டியும் எழுதுங்கள்.

த.கு.

——

அனுப்பியவர்: செ.வ.

அன்புள்ள த.கு. ஐயா,

தீனிப்பட்டிக்கு என் ஆதரவு. காரணத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து யாராவது 'கொழுப்பூட்டகம்' என்று கிளப்புவார்கள்.

தொழுவம், கொட்டில் என்றால் கூரை உண்டு. கிடை என்பது எருவுக்காக வயலில் ஆட்டையோ மாட்டையோ இரவில் மடக்குவது. ஃபீட்லாட்டுக்குப் பெரும்பாலும் கூரை கிடையாது. மண்தரை, சுற்றிலும் குழாய்க் கம்பி அடைப்பு, ஒரு பக்கம் முழுக்கக் கான்கிரீட் காடி, நடுவே மழைநீர் வடிய ஒரு மண்மேடு. அந்த மேடு இல்லாவிட்டால் சேற்றில் நின்றே மாட்டின் எடை ஏறாமல் போகும். மாடு ஒன்றுக்கு 9 முதல் 12 அங்குலக் காடி கணக்கு. திறந்த வெளி அடைப்புக்கு நம்மிடம் உள்ள சொல் பட்டிதான்.

'கொழுப்பூட்டல்' ஏன் சரிவராது? வந்து சேர்ந்த கன்றுக்கு முதல் நாளே மக்காச்சோளம் கொட்டுவதில்லை. தட்டையும் உலர்புல்லும் மிகுந்த தீனியில் தொடங்கி, ஏறத்தாழ 3 வாரத்தில் படிப்படியாகத் தானியத்தைக் கூட்டுவார்கள். அவசரப்பட்டால் முதல் வயிறு புளித்துப்போய் மாடு தீனியை விட்டுவிடும், சாகவும் கூடும். கொழுப்பேறுவது கடைசிக் கட்டத்தில். ஒரு கட்டத்தின் பெயரை இடத்துக்கே சூட்ட வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். பட்டிக்குள் நிற்கும் எல்லா மாடும் இந்த எண்ணில் வராது. அமெரிக்க இறைச்சித் தரவரிசையில் 'செலக்ட்' தரமோ அதற்கு மேலோ இறைச்சி தரும் என்ற எதிர்பார்ப்பில், வெட்டுக்காகவே தானியம், சைலேஜ் (புளிக்கவைத்த பசுந்தீவனம்), புரதச் சேர்க்கை ஊட்டப்படும் காயடித்த காளைகளும் கிடாரிகளும் மட்டுமே கணக்கு. உடம்பு தேற்றி வேறொரு பட்டிக்கு விற்பதற்காக வளர்க்கும் கன்று, வேலிக்குள் நின்றாலும் கணக்கில் இல்லை. சொல்லுக்கு அடிக்குறிப்பாக இது கட்டாயம் வேண்டும்.

> மார்க்கெட்டிங்ஸ் = விற்பனை

இதை ஏற்க முடியவில்லை. கன்றை மேய்ச்சல்காரர் பட்டிக்கு விற்பதும் விற்பனைதான். அது வரவுப் பக்கம் போகும். இங்கே சொல்ல வருவது வெட்டுக்கூடத்துக்கு அனுப்பியதை மட்டும். 'அடிமாடு' என்று எழுதும் ஆசையும் வேண்டாம். நம் சந்தையில் அடிமாடு என்றால் கறவை வற்றியது, உழவுக்கு ஆகாதது. தீனிப்பட்டியிலிருந்து போவது பெரும்பாலும் இரண்டு வயதைத் தொடாத இளசு. 'வெட்டுக்கு அனுப்பியவை' என்று வெளிப்படையாகவே எழுதலாம்.

செ.வ.

——

அனுப்பியவர்: நா. (யாழ்ப்பாணம்)

வணக்கம்.

செ.வ. அம்மா சொல்வது சரி. ஆனால் முடித்தீனி ஊட்டும் மாடுதான் கணக்கு என்றால் 'முடிப்புப்பட்டி' என்பது இன்னும் பொருந்தாதோ?

நான் எழுத வந்தது அளவையைப் பற்றி. 'புசல்' என்ற சொல் எங்களிடம் நெல்லுக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஏக்கருக்கு இத்தனை புசல் என்றுதான் வயல்காரர் பேசுவார்கள். ஆகவே அமெரிக்கக் கோதுமைக்கும் புசல் என்றே எழுதலாம். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. இலங்கையில் ஒரு புசல் நெல் ஏறத்தாழ 20.9 கிலோ. அமெரிக்கக் கோதுமைப் புசல் 60 பவுண்டு, அதாவது 27.2 கிலோ. 2023-இல் கான்சஸ் அறுவடை 20.1 கோடி புசல். கோதுமைப் புசலால் பெருக்கினால் சுமார் 55 இலட்சம் டன்; நெல்லுப் புசலால் பெருக்கினால் 42 இலட்சம். கால்வாசி விளைச்சல் காணாமல் போய்விடும். செய்தியில் முதல் முறை 'கோதுமைப் புசல் (27.2 கிலோ)' என்று போட்டுவிட்டுப் பிறகு புசல் என்று தொடரட்டும்.

அடுத்தது, 'கணிப்பு' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். அறிக்கை வெளியிடும் தேசிய வேளாண் புள்ளியியல் சேவை இரண்டைப் பிரித்தே வைத்திருக்கிறது. பயிர் நிலத்தில் நிற்கும்போது, அன்றைய நிலைமையைப் பார்த்து, இனி வரும் நாட்கள் வழமைபோல இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்வது ஒன்று. அறுவடை முடிந்தபின் விவசாயிகளிடம் கேட்டு நிறுவுவது இன்னொன்று. முதலாவது 'முன்கணிப்பு', இரண்டாவது 'மதிப்பீடு'. குளிர்காலக் கோதுமைக்கு மே மாதம் முதல் முன்கணிப்பு, ஆகஸ்ட் வரை மாதாமாதம் திருத்தம், செப்டெம்பர் இறுதியில் மதிப்பீடு. மே எண்ணை 'விளைந்தது' என்று இறந்தகாலத்தில் எழுதுவதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

நா.

——

அனுப்பியவர்: செ.வ.

> முடிப்புப்பட்டி

முடிப்பு என்றதும் எனக்குப் பணமுடிப்புத்தான் கண்ணில் படுகிறது. மாட்டின் கதை முடிப்பு என்றும் படிக்கலாம், அது உண்மைதான் என்றாலும். 'முடித்தீனி' என்பதைக் கடைசிக் கட்டத் தீனிக்கு வைத்துக்கொள்வோம், நல்ல சொல். இடத்துக்குத் தீனிப்பட்டியே இருக்கட்டும்.

——

அனுப்பியவர்: இரா.மு.

அன்பர்களே,

மாட்டையும் கோதுமையையும் தனித்தனிப் பட்டியலாக வைத்துச் சொல் தேடுகிறீர்கள். கான்சஸின் தென்பகுதி, ஓக்லஹோமா, டெக்சஸின் வடமுனை மூன்றிலும் இவ்விரண்டும் ஒரே வயலில் நடக்கும் வேலை. சொற்கள் அந்த இணைப்பைக் காட்ட வேண்டும், குறைந்தது மறைக்காமலாவது இருக்க வேண்டும்.

தானியத்துக்கு மட்டும் என்றால் அங்கே அக்டோபரில் விதைப்பார்கள். மேய்ச்சலும் வேண்டும் என்றால் செப்டம்பர் நடுவிலேயே, விதையையும் கூட்டிப் போடுவார்கள். நவம்பரில் வேர் நன்றாகப் பிடித்து, இழுத்தால் பிடுங்கி வராத நிலையில் கன்றுகளை இறக்குவார்கள். பசுங்கோதுமையில் புரதம் மிகுதி. நுரைத்த வயிற்றுப்பொருமலால் கன்றுகள் சாவது உண்டு, அதனால் அதைத் தடுக்கும் மொனென்சின் அல்லது போலாக்சலீன் மருந்து கொடுப்பார்கள். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் கன்றுகளை ஏற்றிவிட்டால் வயல் கதிர் விட்டு ஜூனில் அறுவடை. ஏற்றிய கன்றுகள் நேராகத் தீனிப்பட்டிக்குப் போகும். மார்ச் பட்டிவரவில் அவை தெரியும்.

குளிர்காலம் முழுக்க இந்தக் கன்றுகள் தீனிப்பட்டி இருப்பில் இல்லை. இலையுதிர்காலத்தில் மழை பொய்த்துக் கோதுமை எழும்பாவிட்டால், மேய்ச்சல் இல்லாத கன்றுகள் அக்டோபர், நவம்பரிலேயே சின்ன எடையில் பட்டிக்குள் வந்துவிடும். அறிக்கையில் 600 பவுண்டுக்குக் கீழ் என்ற எடைப்பிரிவு வீங்கும். இதைப் பார்த்து 'மாட்டுப் பெருக்கம்' என்று தலைப்பிட்டால் தப்பு. மாடு கூடவில்லை, நான்கு மாதம் முன்னதாக வந்திருக்கிறது. ஆகவே வயலில் மேயும் கன்றுக்குத் தனிச்சொல் வேண்டும். 'மேய்ச்சல் கன்று' போதும். பட்டிக்கு ஏற்ற எடையை எட்டிய பின் 'பட்டிக்கன்று'.

> அபேண்டன்மென்ட் = கைவிட்ட பரப்பு

இதுதான் பட்டியலிலேயே மோசமான சொல், மூலத்திலும் கூட. விதைத்த ஏக்கரிலிருந்து தானியத்துக்கு அறுத்த ஏக்கரைக் கழித்தால் வருவது அது. வறட்சியில் கருகியதும் அதில் அடங்கும்; மாட்டு விலை நன்றாக இருக்கிறது என்று கன்றுகளை மே வரை விட்டு முழுக்க மேய்த்ததும் அடங்கும்; புல்லாக வெட்டிக் கட்டியதும் சைலேஜ் போட்டதும் அடங்கும். இவற்றில் பாதியை யாரும் கைவிடவில்லை, காசாக்கியிருக்கிறார்கள். 'கதிரறுக்காத பரப்பு' என்று எழுதுங்கள். முழுக்க மேய்த்ததற்கு 'மேய்த்தழித்த பரப்பு'.

இந்தச் சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கான்சஸின் 2023 கணக்கு. விதைத்தது 81 லட்சம் ஏக்கர். மே முன்கணிப்பு: 66 லட்சம் ஏக்கரில் கதிரறுப்பு, ஏக்கருக்கு 29 புசல், மொத்தம் 19.14 கோடி. இறுதி மதிப்பீடு: 57.5 லட்சம் ஏக்கர், 35 புசல், 20.1 கோடி. மொத்தத்தை மட்டும் பார்த்தால் முன்கணிப்பு ஏறத்தாழப் பலித்தது போலிருக்கும். உண்மையில் பரப்பு ஒரு பக்கமும் ஏக்கர் விளைச்சல் எதிர்ப்பக்கமும் விலகி ஒன்றையொன்று ஈடுசெய்தன. காரணம் தெரிந்ததே: மோசமான வயல்கள் கணக்கிலிருந்து கழன்றால், மிஞ்சியவற்றின் சராசரி தானாக ஏறும். கதிரறுக்காத பரப்பு 18.5 விழுக்காட்டிலிருந்து 29 விழுக்காட்டுக்கு ஏறியதைச் சொல்லாமல் 'விளைச்சல் உயர்ந்தது' என்று எழுதுவது ஏமாற்று.

கடைசியாக ஒரு சொல். இதற்கு இன்னும் தமிழ் இல்லை: ஃபர்ஸ்ட் ஹாலோ ஸ்டெம். மாட்டை எப்போது ஏற்ற வேண்டும் என்பதை முடிவு செய்யும் பருவம். மேயாமல் வேலியிட்டு விட்ட மூலையிலிருந்து, அதே ரகம், அதே விதைப்பு நாள் என்று பார்த்து, பத்துச் செடிகளை வேரோடு எடுத்து, பெரிய தூரை நீளவாக்கில் பிளப்பார்கள். இளங்கதிருக்குக் கீழே தண்டு உள்ளீடற்றுக் குழலாகி, அந்தக் குழல் 1.5 செ.மீ. நீண்டிருந்தால் அன்றே மாடு வெளியே. மேய்ந்த இடத்தில் எடுத்தால் பருவம் பிந்தியே தெரியும், அதை நம்பி இருந்தால் இளங்கதிரை மாடு கடித்துவிடும். ஒரு வாரம் தாமதித்தாலே தானிய இழப்பு கண்கூடாகத் தெரியும். 'முதற்குழல் பருவம்' என்று முன்மொழிகிறேன்.

இரா.மு.

——

அனுப்பியவர்: நா. (யாழ்ப்பாணம்)

முதற்குழல் நன்று. 'தண்டுப்புழை' என்று ஒன்று யோசித்தேன், வாயில் நிற்கவில்லை.

குளிர்காலக் கோதுமை என்பதில்தான் எனக்குத் தயக்கம். வட இந்தியாவில் நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுக்கும் கோதுமையும் குளிர்காலத்தில் விளைவதுதானே?

——

அனுப்பியவர்: இரா.மு.

ஆம், ஆனால் அது வசந்த வகை; கதிர் விடக் கடுங்குளிர் தேவையில்லை. கான்சஸ் கோதுமை சில வாரங்கள் 0 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகக் கதிர் விடும். பள்ளித் தாவரவியலில் இதற்குத் 'தட்பப்பதனம்' என்ற சொல் இருக்கிறது. வகையைக் குறிக்கையில் 'தட்பப்பதனக் கோதுமை' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, அட்டவணைத் தலைப்பில் குளிர்காலக் கோதுமை என்றே விடலாம். புதிதாக ஒன்றை உருவாக்கினால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பருவப் பெயர்களுக்கு நெல்வயல் சொற்களே போதும்: தூர்கட்டல், கணுவிடல், தொண்டைக்கதிர், கதிர்வெளி, பால்பிடித்தல். உறைபனிச் செய்தியில் இவை இல்லாமல் முடியாது. தூர்கட்டும்போது மைனஸ் 11 வரை தாங்கும் பயிர், கணுவிட்டபின் மைனஸ் 4-க்கும், தொண்டைக்கதிரில் மைனஸ் 2-க்கும், கதிர் வெளிவந்தபின் மைனஸ் 1-க்குமே அடிபடும், அந்தக் குளிர் இரண்டு மணி நேரம் நீடித்தால். 'ஏப்ரலில் உறைபனி, கோதுமை பாதிப்பு' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. எந்தப் பருவம் என்று போட வேண்டும்.

——

அனுப்பியவர்: த.கு.

இதுவரை வந்தவற்றை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். எண்கள் மாதிரிக்கு, உண்மையல்ல.

'மாதத் தொடக்கத்தில் தீனிப்பட்டி இருப்பு 10,000. பட்டிவரவு 1,800, அதில் 600 பவுண்டுக்குக் கீழ் உள்ளவை 700. வெட்டுக்கு அனுப்பியவை 1,700. பிற குறைவு 50. மாத முடிவில் இருப்பு 10,050. கோதுமை மேய்ச்சல் இல்லாததால் மேய்ச்சல் கன்றுகள் முன்னதாகவே பட்டிக்கு வந்துள்ளன.'

——

அனுப்பியவர்: செ.வ.

கூட்டல் கழித்தல் சரி. இரண்டு திருத்தம். 'பிற குறைவு' என்றால் வாசகர் முழுதும் சாவு என்று நினைப்பார். மேய்ச்சலுக்குத் திரும்பியதும் வேறு பட்டிக்கு மாறியதும் அதில் உண்டு என்று ஒரு வரி சேருங்கள். பட்டிவரவு உள்நாட்டுக் கன்று மட்டுமல்ல என்பதும் குறிப்பில் வரட்டும். சதைதின்னிப் புழு காரணமாக 2024 நவம்பரில் மெக்சிகோ கன்றுகளின் வரத்தை நிறுத்தியபோது டெக்சஸின் வரவுதான் முதலில் அடிவாங்கியது. அந்தக் குறைவுக்கும் கோதுமைக்கும் தொடர்பில்லை. மாநில வாரி எண்ணைப் போடாமல் நாட்டு மொத்தத்தை மட்டும் போட்டால் அது புரியாது.