புதுப்பிப்பு: மின்ட் கிடைத்துவிட்டது, ஐந்தரை மணி நேரம்தான் தொலைந்திருந்தது

விண்டோஸ் 10 இருந்த மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் நிறுவினேன். ஆனால் எதைத் திறப்பது என்று கேட்கும் தேர்வுப் பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் திறக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? தீர்ந்துவிட்டது. திருகோணமலை நகரில் ஒரு கடையில் காட்டியபோது, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டும் என்றார்கள். நல்லவேளை, கேட்கவில்லை.

யுஈஎஃப்ஐ அமைப்பில் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) துவக்க வரிசையை, அதாவது எது முதலில் திறக்க வேண்டும் என்ற வரிசையை, மாற்றினால் போதும் என்று இங்கே ஓர் அண்ணா சொன்னதுதான் சரி. நான் தடுமாறியதற்குக் காரணம், அந்த வரிசையில் 'மின்ட்' என்ற பெயரையே தேடிக்கொண்டிருந்தது. மின்ட் அங்கே 'உபுண்டு' என்ற பெயரில்தான் பதிவாகிறது! அதை மேலே நகர்த்தியதும் கிரப் என்ற அந்தத் தேர்வுப் பட்டியல் வந்துவிட்டது.

அடுத்த வேடிக்கை கடிகாரம். இங்கே திருகோணமலை உவர்மலையில் இரவு எட்டு மணி, விண்டோஸில் பிற்பகல் 2.30. கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமென்று நம்புகிறது. நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். மின்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

விண்டோஸின் டி பகுதியில் (வன்வட்டின் ஒரு பிரிவு) மின்டிலிருந்து எதையும் எழுத முடியாமல் இருந்தது. விண்டோஸ் முழுதாக அணையாமல் அடுத்த முறை வேகமாகத் திறக்க உதவும் விரைவுத் துவக்கத்தை நிறுத்தியதும் அந்தச் சிக்கலும் தீர்ந்தது.

இனி அச்சுப்பொறிதான் பாக்கி. மின்டில் அது இன்னும் வாயைத் திறக்கவில்லை.