துடுப்புப் படங்களை வைத்து டால்பின் எண்ணிக்கை: ரெண்டு பேர் பார்த்தால் ரெண்டு விடை

கழிமுகம்:
ஃபுளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் செய்வதுபோல, முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டுகளை வைத்து பாட்டில்மூக்கு டால்பின்களை எண்ணும் பயிற்சி இது. முதல் சுற்றில் 40, இரண்டாம் சுற்றில் 35, இரண்டிலும் வந்தவை 18. இரு சுற்றிலும் வந்தவற்றை வைத்து மொத்தத்தைக் கணிக்கும் சாப்மன் சூத்திரப்படி 77. அதே படங்களை இன்னொருவர் ஒப்பிட்டதில் பொதுவானவை 20, விடை 69. ரெண்டே டால்பினுக்கு இவ்வளவு வித்தியாசம் வருமா? மங்கலான படங்களை என்ன செய்வது? குட்டிகளை எதில் சேர்ப்பது?

பின்விளிம்பு:
வரும். (40+1)×(35+1)÷(பொதுவானவை+1)−1 என்பதுதானே சூத்திரம்? பொதுவானவை வகுக்கும் இடத்தில் நிற்பதால், தவறவிட்ட ஒவ்வொரு பொருத்தமும் விடையை ஏற்றிவிடும். வெவ்வேறு டால்பின்களை ஒன்று என்று சேர்த்துவிட்டால் இறங்கும். நடைமுறையில் முதல் வகைத் தவறுதான் அதிகம்.

அந்த இரண்டு துடுப்புகளையும் பெரிதாக்கி, நுனியிலிருந்து அடிவரை பின் விளிம்பை மட்டும் பாருங்கள். சீனோபலானஸ் என்றொரு பார்னக்கிள் (உடலில் ஒட்டி வாழும் சிறு கடலுயிர்) வகை சரியாக அந்த விளிம்பில்தான் ஒட்டிக்கொண்டு, கறுப்பு நூல் துண்டுபோலத் தொங்கும். அது வெட்டை மறைக்கும், அல்லது இல்லாத வெட்டு இருப்பதுபோலக் காட்டும். சுறா கடித்துப் புது வெட்டு விழுந்திருக்கலாம். பழைய வெட்டு பெரிதாகுமே தவிர மூடிக்கொள்ளாது; ஆகவே பழைய படத்தில் இருந்த வெட்டு புதியதில் காணவில்லை என்றால்தான் வேறு டால்பின் என்று சந்தேகப்பட வேண்டும். மற்ற டால்பின்களின் பல் கீறல்களை நம்பாதீர்கள், அவை மங்கிப்போகும்.

"புதுசு" என்று பெயர் கொடுக்குமுன் பட்டியல் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபின்ஃபைண்டர் மாதிரி மென்பொருள் ஒத்துப்போகக்கூடியவற்றை வரிசைப்படுத்தித் தரும், அவ்வளவுதான். இருவர் தனித்தனியாகப் பார்த்து, முரண்பட்டால் மூன்றாவது ஆள் முடிவு சொல்வது நல்லது.

தெளிவு1:
மங்கலான படங்களைப் பற்றி: ஒப்பிடத் தொடங்கும் முன்பே தரம் பிரித்துவிடுங்கள். குவியம், கோணம், துடுப்பு முழுசாகத் தெரிகிறதா, நீர்த் தெறிப்பு இருக்கிறதா என்பவைதான் அளவுகோல். எந்த டால்பின் என்ற நினைப்பே அப்போது வரக்கூடாது. மூன்றாம் தரப் படங்களை மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள்.

கழிமுகம்:
பாதித் துடுப்பே அறுந்துபோன ஒன்று இருக்கிறது. எவ்வளவு மோசமான படத்திலும் அதைத் தெரியும். அதையுமா?

தெளிவு1:
அதைத்தான் முதலில். மோசமான படத்திலும் பெரிய காயக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால், அவை மற்றவற்றைவிட அடிக்கடி "பிடிபடும்". எல்லா டால்பின்களுக்கும் அகப்படும் வாய்ப்பு சமம் என்ற அடிப்படையே ஆட்டம் கண்டு, எண்ணிக்கை குறைவாக வரும். படகில் எடுக்கும்போதும் இதே நோய்தான்: கண்ணைக் கவரும் துடுப்பையே கேமரா துரத்தும். குறி இருக்கிறதோ இல்லையோ, கூட்டத்தில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஷட்டர் 1/1000 வினாடி அல்லது அதைவிட வேகம், சூரியன் முதுகுப் பக்கம், துடுப்புக்குச் செங்குத்தான கோணம். ஒரு கூட்டம் முடிந்ததும் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துவிட்டால் அடுத்த கூட்டத்தோடு கலக்காது.

உப்பங்கழி:
குட்டிகளின் துடுப்பு பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். அதனால் அவை 40-லும் 35-லும் வரவே கூடாது. பெரியவற்றிலும் வெட்டே இல்லாதவை உண்டு. 69 என்பது குறியுள்ளவற்றின் கணக்கு மட்டுமே. நல்ல தரப் படங்களில் குறியுள்ள துடுப்புகளின் பங்கைக் கண்டுபிடித்து அதால் வகுக்க வேண்டும். பேச்சுக்கு 0.65 என்றால் சுமார் 107. அந்தப் பங்கிலும் பிழை உண்டு, நம்பக இடைவெளி (உண்மை விடை இருக்கக்கூடிய எல்லை) போடும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே கூட்டங்கள் கலக்கும் அளவுக்கு நாள் வேண்டும். பிறப்பும் இறப்பும் இடம்பெயர்வும் நுழையும் அளவுக்குப் போகக்கூடாது. ஆண்டுக்கணக்கில் செய்வதானால் இந்தச் சூத்திரம் போதாது, ஒவ்வோர் ஆண்டிலும் நெருக்கமான பல சுற்றுகள் வைத்துக் கணக்கிடும் போலாக் முறைக்குப் போங்கள்.

சரசோட்டாவை அப்படியே பின்பற்றுகிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1970-இல் தொடங்கிய ஆய்வு அது; அங்கே பலவற்றை உடல்நலப் பரிசோதனைக்காகப் பிடித்து விட்டபோது, உறைகுளிர் முத்திரையால் (கடுங்குளிரூட்டிய உலோக அச்சால்) துடுப்பில் எண் குத்தியிருக்கிறார்கள். ஆணுக்கு இரட்டைப்படை, பெண்ணுக்கு ஒற்றைப்படை. வெட்டு மாறினாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வசதி நமக்கு இல்லை.

பின்விளிம்பு:
இன்னொன்று. தவறான பொருத்தம் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. மெக்சிகோ வளைகுடாவில் 2010-இல் நடந்த எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு லூசியானாவின் பரடேரியா விரிகுடாவில் அல்ட்ராசவுண்டில் கர்ப்பம் உறுதியான டால்பின்களைப் படங்கள் வழியே பின்தொடர்ந்தார்கள். 20 சதவீதம்தான் பிழைக்கும் குட்டியை ஈன்றன. ஒப்பீட்டுக்கு எடுத்த கூட்டத்தில் 83 சதவீதம். இப்படிப்பட்ட ஆய்வில் தாயின் துடுப்பை மாற்றிப் பொருத்தினால், உயிரோடு இருக்கும் குட்டி செத்ததாகப் பதிவாகிவிடும். ஆகவே தாயைக் குட்டியில்லாமல் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு இழப்பு என்று எழுதாதீர்கள்; வெவ்வேறு நாட்களில், முதல் தரப் படங்களில், பக்கத்தில் நீந்தும் எதுவும் இல்லை என்று தெரிய வேண்டும்.