மறுமொழி: கிளைம்பிங் ஸ்டிக், அதன் கயிறு – சொல் தேர்வு

அனைவருக்கும் வணக்கம்.

கிளைம்பிங் ஸ்டிக் பற்றிய செய்முறையைத் தமிழாக்க இந்த இழையில் பலர் முன்மொழிந்த சொற்கள் குவிந்துவிட்டன. பொருளைப் பார்க்காதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தின் மேல் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஏறுவதற்கு ஒன்றரை, இரண்டடி நீளமுள்ள அலுமினியக் கழிகள், கழிக்கு இரண்டு மூன்று படிகள். ஒரு கழியை அடிமரத்தில் கட்டி, அதில் ஏறி நின்று அடுத்ததைக் கட்டுவார்கள். கட்டுவதற்குப் பெரும்பாலும் நாடாவும் பக்கிளும் கூடவே வரும். பக்கிள் அலுமினியத்தில் ஒருமுறை 'டங்'கென்று இடித்தால் போதும், அன்றைக்கு மான் வராது. அதனால்தான் பலர் நாடாவைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக்கு மாறுகிறார்கள்.

> கிளைம்பிங் ஸ்டிக் = கண்ணேணி

நல்ல பழைய சொல்தான். ஆனால் கண்ணேணி என்பது கணுவே படியாக நிற்கும் ஒற்றை மூங்கில். இது துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டு போவது. படிக்கழி என்றால் போதும்.

> ரோப் அட்டாச்மென்ட் = தளைக்கயிறு

இதைத்தான் ஏற்க முடியவில்லை. பனையேறிகள் காலில் மாட்டுவது தளை, தளைநார். அது ஆளோடு சேர்ந்தது. இங்கே நாம் பெயர் தேடும் கயிறு கழியைத்தான் மரத்தோடு பிடிக்கிறது, ஆளைப் பிடிப்பதில்லை. ஏறுகிறவர் இடுப்புப் பட்டையிலிருந்து மரத்தைச் சுற்றித் தனியாக ஒரு கயிறு போட்டிருப்பார். கழி நழுவினாலும் அவரைத் தாங்குவது அதுதான். இரண்டுக்கும் பெயர் குழம்பினால் மொழிபெயர்த்த செய்முறையைப் படிக்கிறவர் எந்தக் கயிற்றை நம்புவார்? ஆகவே கழியைப் பிடிப்பது கழிக்கட்டு, ஆளைப் பிடிப்பது காப்புக்கயிறு. கழிக்கட்டு என்று வைத்துக்கொண்டால் இன்னொரு வசதி, நாடாவானாலும் கயிறானாலும் அதே சொல் பொருந்தும்.

> டெய்ஸி செயின் = கண்ணிச்சரம்

நீளத்துக்கும் வரிசையாக வளையங்கள் வைத்த கயிறுதான் டெய்ஸி செயின். வேறு துறையாக இருந்தால் கண்ணிச்சரத்துக்கு நானே கைதூக்கியிருப்பேன். வேட்டைக் கட்டுரையில் கண்ணி என்று எழுதினால் முயலுக்கு வைக்கிற கண்ணிதான் நினைவுக்கு வரும். ஊசிக்குக் காது இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம்: காதுக்கயிறு. கழியில் துருத்திக்கொண்டிருக்கும் வெர்சா பட்டனுக்குக் குமிழ். 'கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, எட்டுகிற காதைக் குமிழில் மாட்டி, கழியைக் கீழ்நோக்கி அழுத்து' என்று எழுதிப் பாருங்கள், தடங்கலே இல்லை. அழுத்தும்போதுதான் கயிறு இறுகி, கழியின் பல் மரப்பட்டையில் பதியும். காதுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காது தொளதொளவென்று இருக்கும், அடுத்தது எட்டாது.

> ஸ்ப்லைஸ் = முடிச்சு

கூடவே கூடாது. முடிச்சு போடாமல் கயிற்றைக் கயிற்றோடே கோத்துச் சேர்ப்பதுதானே ஸ்ப்லைஸ்! ஆம்ஸ்டீல் போன்ற, டைனீமா என்ற வலுவான செயற்கை இழையில் செய்த கயிறு வழுக்கும்; முடிச்சு நழுவும், நழுவாவிட்டாலும் கயிற்றின் வலு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும். அது பன்னிரண்டு புரி பின்னிய கயிறு, நடுவில் குழாய்போல் வெற்றுக் கூடு. வாலை வளைத்துக் காது பிடித்து, கயிற்றின் கூட்டுக்குள்ளேயே செருகிவிட வேண்டும். இழுக்க இழுக்க வெளிப் பின்னல் இறுகி உள்ளே இருக்கும் வாலைக் கவ்விக்கொள்ளும். செருகும் நீளம் கயிற்றின் தடிமனைப் போல் 72 மடங்கு என்பது வழக்கமான கணக்கு, 3 மி.மீ. கயிற்றுக்குக் கிட்டத்தட்ட 22 செ.மீ. வால் நுனியில் சில புரிகளை வெட்டிக் கூராக்காவிட்டால், வால் முடிகிற இடத்தில் கயிறு திடீரென்று மெலிந்து அங்கேயே பலவீனப்படும்.

எனவே இதற்கு உட்செருகல். முப்புரிக் கயிற்றில் புரியைப் பிரித்துக் கோப்பது வேறு வேலை, அதற்குப் புரிக்கோப்பு என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்ப்லைஸ் என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வருகிறது என்பதற்காக நாமும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

சுமை ஏறாதபோது வால் வெளியே நழுவிவிடாமல் ஊசி நூலால் தைக்கிறார்களே, அதற்குப் புதுச்சொல் எதற்கு? தையல்தான். கயிற்றைச் சுற்றி மாட்டுகிற கொம்பு போன்ற கிளீட்டை அப்படியே கிளீட் என்று விடலாம். ஆம்ஸ்டீலும் வணிகப் பெயர், தொட வேண்டாம்.

காதுக்கயிறு, உட்செருகல் இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். படிக்கழியில் எனக்குப் பிடிவாதம் இல்லை. காப்புக்கயிற்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.