ஹியர்ஃபோர்ட் மாட்டு வம்சாவளி பத்தி தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, நான் அமெரிக்கால மிசௌரில இருக்கேன். பக்கத்து பண்ணைக்கார தாத்தா ஒரு டப்பா நிறைய பழைய பெடிக்ரீ பேப்பர் (மாட்டோட வம்சாவளிப் பதிவு) குடுத்து "உனக்கு கம்ப்யூட்டர் தெரியுமே, இத வரிசைப்படுத்திக் குடு"ன்னுட்டாரு, நானும் யோசிக்காம சரின்னுட்டேன். எல்லாம் செவலை உடம்பு, வெள்ளை மூஞ்சி ஹியர்ஃபோர்ட் மாடுங்க. பின்னாடி போகப் போக பாதி பேப்பர் 'ஆங்ஸைட்டி ஃபோர்த்'ங்கிற ஒரே காளைல போய் நிக்குது. 1881ல இங்கிலாந்துலேர்ந்து கட்ஜெல், சிம்ப்ஸன்னு ரெண்டு பேர் இங்க இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு வாங்கிட்டு வந்ததாம், அப்புறம் அந்த ரத்தத்துக்குள்ளயே திரும்பத் திரும்ப சேர்த்து பெருக்கியிருக்காங்க (பேருக்கு அர்த்தம் பதட்டம், இப்ப பதட்டம் எனக்குத்தான்). 1914ல பொறந்த 'பிரின்ஸ் டாமினோ'ங்கிற காளையும் அவங்க பண்ணைதான்.

என் சிக்கல் என்னன்னா, 1940, 50கள்ல குள்ளக் கன்னு பொறக்குற குறை சில வம்சத்துல வந்துச்சே, அந்த சமயத்து பேப்பர்லதான் சில தாய் மாடுங்க பேரே அழிஞ்சு கெடக்கு, பதிவு நம்பர் மட்டும் தெரியுது. நம்பர வச்சு பழைய ஹெர்ட் புக்ல (அந்த இன மாடுங்களோட பதிவுப் புத்தகம்) தேடின அனுபவம் யாருக்காவது இருக்கா? கால்நடை டாக்டருங்க, கொஞ்சம் சொல்லுங்களேன். தாத்தா தினமும் வேலி ஓரமா வந்து நிக்கிறாரு.