ஆத்து மேடு ஏறாத டிராக்டர்: மலேசியாவின் ஜாவி ஊரில் ஒரு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம்

சனிக்கிழமை

குமரன், காலை 11.48
எல்லாருக்கும் வணக்கம். சின்ன டிராக்டர் மறுபடியும் தகராறு. காலையில் எடுத்தால் குதிரை மாதிரி போகிறது, முக்கால் மணி நேரம் நேப்பியர் புல் வெட்டியதும் ஆத்து மேட்டுப் பக்கம் ஏறமாட்டேன் என்று நின்றுவிடுகிறது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது, சக்கரம்தான் நகரவில்லை. பெடலை அடிவரை மிதித்தாலும் ஊய்ங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

குமரன், 11.49
மீட்டரில் 212 மணி. வாங்கி 14 மாதம்.

பட்டர்வொர்த் மாமா, 11.52
மாப்பிள்ளை, அதுவும் உன்னை மாதிரிதான், வெயில் ஏறினால் படுத்துக்கொள்கிறது

பெரியம்மா, 11.53
சாப்பிட்டாயா

குமரன், 11.57
இன்னும் இல்லை பெரியம்மா. வாங்கின கடையிலிருந்து வியாழக்கிழமை ஆள் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். எச்எஸ்டி, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் சக்கரத்தை ஓட்டுகிற கியர்பெட்டி, போய்விட்டது, முழு யூனிட்டும் மாற்ற வேண்டும், 17,800 வெள்ளி என்கிறார். வாரண்டி இருக்கிறதே என்றால், 50 மணி சர்வீஸ் எங்களிடம் செய்யவில்லை, அதனால் கிடையாது என்கிறார்.

செல்வி அக்கா, 11.58
17,800ஆ!!! என் மைவி காரை விற்றால்கூட அவ்வளவு தேறாது

ஜாவி சித்தப்பா, மதியம் 12.04
அப்போதே சொன்னேன், கியர் வண்டி வாங்கு என்று. எஸ்டேட்டில் நாங்கள் மேசி 135 டிராக்டர் வைத்து எத்தனை வருஷம் ஓட்டினோம். கிளட்ச் தேய்ந்தால் மாற்று, மறுபடி ஓட்டு. இந்த எண்ணெயில் ஓடுகிற வண்டி எல்லாம் நமக்குச் சரிப்படாது.

தினேஷ், 12.21
அண்ணே, எதற்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். வந்தவர் ஆயில் அழுத்தம் காட்டுகிற கேஜ் போட்டுப் பார்த்தாரா?

குமரன், 12.22
கேஜா? ஓட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், யாரிடமோ போனில் பேசினார்.

தினேஷ், 12.30
அப்படியென்றால் அவர் சொன்னது ஊகம். நான் பிறையில் எக்ஸ்கவேட்டர் பம்ப்தான் தினமும் பிரிக்கிறேன், இதுவும் அதே சாதிதான், சின்ன உருவம். உள்ளே ஒரு பம்ப், ஒரு மோட்டார். எண்ணெய் இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வரும். கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும், அது இயல்பு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சார்ஜ் பம்ப் என்று இன்னொரு சின்னப் பம்ப். அதற்கு எண்ணெய் போதவில்லை என்றால் பெரிய பம்ப் காற்றை மென்று ஊளையிடும். நீங்கள் சொல்கிற ஊய்ங் அதுவாக இருக்கலாம். ஆயில் சூடானால் தண்ணி மாதிரி இளகும், கசிவு கூடும், இழுவை போகும். குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் மட்டும் படுத்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆயில், பில்டர், சார்ஜ் அழுத்தம். யூனிட் மாற்றுவது கடைசி.

தினேஷ், 12.31
கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.
ரேஞ்ச் லிவரை லோ, நடு, ஹை எதில் வைத்து மேடு ஏறுகிறீர்கள்? எஞ்சினை எவ்வளவு முடுக்கி வைக்கிறீர்கள்? 50 மணியில் எச்எஸ்டி பில்டர் மாற்றினீர்களா? எந்த ஆயில்? சேற்றில் மாட்டி யாராவது இழுத்தார்களா?

குமரன், 12.44
ரேஞ்ச் நடுவில் இருக்கும், சில நேரம் ஹை. டீசல் மிச்சமாகட்டும் என்று எஞ்சினைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைப்பேன். 50 மணியில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஆயில், எஞ்சின் பில்டர் மாற்றினேன். எச்எஸ்டிக்குத் தனியாக பில்டர் இருப்பதே இப்போது நீ சொல்லித்தான் தெரியும்டா. போன நவம்பர் மழையில் ஒரு தடவை மாட்டி, பக்கத்துக் கொல்லைக்காரர் எக்ஸ்கவேட்டர் வைத்து இழுத்தார்.

தினேஷ், 12.46
இழுத்தபோது ரேஞ்ச் லிவர் நியூட்ரலில் இருந்ததா?

குமரன், 12.51
யோசிக்கிறேன்.

குமரன், 12.58
இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பட்டர்வொர்த் மாமா, 1.02
மருத்துவமனையில் கேட்கிற கேள்வி மாதிரியே இருக்கிறது. குடிப்பீர்களா, புகை பிடிப்பீர்களா

தினேஷ், 1.15
மாமா 😄 சரி, பெடலுக்கு வருகிறேன், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அது காரில் இருக்கிற ஆக்சிலரேட்டர் இல்லை. மிதிக்க மிதிக்க பம்ப் உள்ளே ஒரு தட்டு சாயும், சாயச் சாய எண்ணெய் அதிகம் தள்ளும், வேகம் கூடும். வேகம் கூடினால் இழுவை குறையும். மேட்டில் திணறும்போது அடிவரை மிதிப்பது, ஐந்தாவது கியரில் பினாங்கு கொடிமலை ஏறப் பார்ப்பது மாதிரி. திணறினால் பெடலைக் கொஞ்சம் விட வேண்டும். லோ ரேஞ்ச், எஞ்சின் முடுக்கு மேலே, பெடல் பாதி. எஞ்சினைக் குறைத்து வைத்தால் சார்ஜ் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். டீசலில் மிச்சம் பிடித்த காசு பம்பில் போகும்.

ஜாவி சித்தப்பா, 1.19
பெடலை விட்டால் ஏறுமா? தலைகீழாக இருக்கிறதே

குமரன், 1.20
14 மாதமாகத் தலைகீழாக ஓட்டியிருக்கிறேன் போல.

தினேஷ், 1.22
ஆயில் கேள்விக்குப் பதில் வரவில்லையே அண்ணே. எந்த ஆயில் ஊற்றினீர்கள்?

குமரன், 1.23
நான் ஊற்றவே இல்லை. வாங்கியபோது இருந்ததுதான்.

ஜாவி சித்தப்பா, 1.41
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜாவி சித்தப்பா, 1.49
தைப்பூசத்துக்கு முன்னால் அளவுக்குச்சியில் கோடு கீழே இருந்தது. நான்தான் ஊற்றினேன். கொட்டகையில் ஹைட்ராலிக் ஆயில் 68 ஒரு டின் இருந்தது, எல்லாம் ஹைட்ராலிக்தானே என்று நாலு லிட்டர் போல. குமரனிடம் சொன்னேனா என்று நினைவில்லை.

குமரன், 1.52
சொல்லவில்லை சித்தப்பா. பரவாயில்லை.

தினேஷ், 1.58
சித்தப்பா, அதை மட்டும் வைத்து இது நடந்திருக்காது. மேசியில் ஊற்றினால் இவ்வளவு தெரியாது. இந்த வண்டியில் கியர், எச்எஸ்டி, பின் பிரேக், முன்னால் இருக்கிற மண் அள்ளும் பக்கெட் எல்லாம் ஒரே எண்ணெயில் குளிக்கிறது, அதற்கென்று டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில் தனியாக உண்டு. சாதா 68இல் பிரேக் தட்டுக்கு வேண்டிய மருந்து கிடையாது, பிரேக் கிறீச்சிடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, நாலு லிட்டர் எங்கே போனது என்பது. நாளை காலை வருகிறேன். அண்ணே, இன்றைக்கு இனி ஓட்டாதீர்கள். அடியில் விசிறிப் பக்கம் புல் தூசி அடைத்திருந்தால் காற்று அடித்துச் சுத்தம் செய்து வையுங்கள், தண்ணீர்ப் பைப்பைப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள்.

பெரியம்மா, 2.05
தினேஷ் வந்தால் தோசைக்கு மாவு ஆட்டி வைக்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை

குமரன், காலை 9.37
(படம்) விசிறி மேல் இருந்த புல். ஒரு கோணிப்பை நிறைய வந்தது, பொய் சொல்லவில்லை. காய்ந்து அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, திருப்புளியால் நெம்பித்தான் எடுத்தேன்.

செல்வி அக்கா, 9.40
அடேயப்பா. இதுக்குள் காற்று எப்படிடா போகும்

குமரன், 10.52
தினேஷ் கேஜ் மாட்டினான். குளிரில் கையேட்டில் சொன்ன அளவு சரியாக இருந்தது. அரை மணி ஓட்டிச் சூடாக்கினோம், முள் அப்படியே இறங்கி இறங்கி பாதிக்கும் கீழே போய்விட்டது. சத்தமும் ஆரம்பித்தது. கடைக்காரருக்குக் காட்டலாம் என்று வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

குமரன், 11.30
நாலு லிட்டர் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. பக்கெட் குழாய் மூட்டில் கசிவு, கீழே புல்லில் சொட்டியதால் கண்ணில் படவில்லை. அந்தப் பக்கம் புல் கருகியிருந்ததை ஆட்டு மூத்திரம் என்று நினைத்தேன்.

தினேஷ், 11.46
பில்டரைக் கழற்றிவிட்டேன். தகரத்தை ஹேக்சாவில் அறுக்கக் கூடாது, அறுத்த தூளே உள்ளே விழுந்து நம்மைக் குழப்பும், வெட்டும் கருவி கொண்டு வந்தேன். (படம்) மடிப்பை விரித்துப் பாருங்கள். கறுப்புச் சேறு, அதற்கு நடுவே மினுமினுக்கிறதே, அது.

பட்டர்வொர்த் மாமா, 11.48
தங்கமா

தினேஷ், 11.55
வெண்கலம் மாமா. பெரியம்மாவின் குளிர்பெட்டிக் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். கறுப்பு முடி மாதிரி கொஞ்சம் காந்தத்தில் ஒட்டியது, அது கியரில் உராய்ந்த இரும்பு, புது வண்டியில் வரும், பயமில்லை. முதல் 50 மணியில் பில்டர் மாற்றச் சொல்வதே அதற்குத்தான். பொன்னிறத் தூள் காந்தத்துக்கு அசையவில்லை. அது பம்ப் உள்ளே தேய்கிற பாகத்திலிருந்து வருகிறது. தூள் மாதிரிதான் இருக்கிறது, துண்டு துண்டாக இல்லை. துண்டு வந்திருந்தால் கடைக்காரர் சொன்னதுதான் சரி என்று சொல்லியிருப்பேன்.

தினேஷ், 12.02
ஆயிலும் பால் இல்லாத தே ஓ தேநீர் மாதிரி தெளிவாக இல்லை, லேசாகப் பால் கலந்த தே தாரிக் நிறம். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டைச் சூடான இரும்பில் விட்டேன், படபட என்று வெடித்தது. வெளியில் மழையில் நிற்கிற வண்டி, பகலில் சூடு, இரவில் குளிர், மூச்சுக்குழாய் வழியாக ஈரம் இழுத்திருக்கும்.

பெரியம்மா, 12.03
எந்த இரும்பு

பெரியம்மா, 12.04
டேய் என் தோசைக்கல்லா

குமரன், 12.05
பெரியம்மா நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்

பெரியம்மா, 12.06
(குரல் பதிவு 1.12)

பட்டர்வொர்த் மாமா, 12.09
இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்பேன் 😂

திங்கட்கிழமை

செல்வி அக்கா, இரவு 8.14
தம்பி, வாரண்டி விஷயமாக எங்கள் ஆபீசில் கேட்டேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ஆனால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பயனீட்டாளர் என்றால் வீட்டுக்கு, சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர். நீ புல் விற்கிறாய், தேங்காய் விற்கிறாய். டிராக்டர் தொழிலுக்கு வாங்கியது என்று அவர்கள் சொன்னால் அங்கேயே மடக்கிவிடலாம். அதனால் நேராக அங்கே போய் நிற்காதே. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஒரு முறை காகிதங்களைக் காட்டிக் கேள். வாரண்டி அட்டையில் சர்வீஸ் அவர்களிடம்தான் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, அல்லது செய்தால் போதும் என்று எழுதியிருக்கிறதா, அதைப் படம் பிடித்து அனுப்பு.

குமரன், 8.31
(படம்) அட்டவணைப்படி செய்ய வேண்டும் என்று இருக்கிறது, யார் செய்ய வேண்டும் என்று இல்லை. ஆனால் அக்கா, நான் அந்த பில்டரை யாரிடமும் மாற்றவே இல்லையே.

செல்வி அக்கா, 8.33
அதுதான் உன் பக்கத்து ஓட்டை. பொய் ரசீது அது இது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே.

பட்டர்வொர்த் மாமா, 8.34
நான் ஒன்றுமே சொல்லவில்லையே

செல்வி அக்கா, 8.36
நீங்கள் டைப்பிங் என்று வந்தது மாமா. தம்பி, கொடுத்தபோது 50 மணி பில்டர் பற்றி யாராவது விளக்கினார்களா?

குமரன், 8.40
சாவி கொடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கையேடு ஆங்கிலத்திலும் ஜப்பான் மொழியிலும் இருந்தது, நான் படித்தது சாவி போடுகிற பக்கம் மட்டும்.

செல்வி அக்கா, 8.43
அதையும் எழுது, கேஜ் வீடியோவும் வை. இலவசமாகச் செய் என்று கேட்காதே, பாகத்தில் பாதியாவது ஏற்றுக்கொள் என்று மரியாதையாகக் கேள். மின்னஞ்சலில் கேள், வாயால் பேசினால் நாளைக்கு ஒன்றும் நிற்காது.

புதன்கிழமை

தினேஷ், மாலை 6.20
வேலை முடிந்தது. பழைய ஆயில் முழுக்க இறக்கி, உறிஞ்சுகுழாய் சல்லடையைக் கழுவி, புது ஆயில், புது பில்டர், கசிந்த மூட்டில் புது ஓ ரிங். எல்லாம் சேர்த்து 900 வெள்ளிக்குள். பில்டரைக் கையால்தான் இறுக்கினோம், சித்தப்பா சங்கிலி ஸ்பேனரைத் தூக்கி வந்தார், நான் வாங்கி வைத்துவிட்டேன்.

ஜாவி சித்தப்பா, 6.24
பழக்கம்டா. மேசியில் அப்படித்தான் இறுக்குவோம்

தினேஷ், 6.31
முதலில் ஸ்டார்ட் செய்து பெடலைத் தொடாமல் மெதுவாக ஓடவிட்டோம், காற்று வெளியேறட்டும் என்று. அப்புறம் பக்கெட்டைக் கீழே இறக்கி, சமதளத்தில் நிறுத்தி, அளவு பார்த்து இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றினோம். ஒரு மணி நேரம் வெட்டிச் சூடாக்கிய பிறகு கேஜ் கையேட்டுக் கோட்டை ஒட்டி நிற்கிறது. கோட்டுக்கு மேலே என்று சொல்லமாட்டேன், ஒட்டி.

குமரன், 6.38
ஆத்து மேடு லோ ரேஞ்சில் ஏறிவிட்டது!! பெடலைப் பாதி விட்டதும் கழுதை மாதிரி பிடிவாதமாக ஏறுகிறது, நம்பவே முடியவில்லை. நடு ரேஞ்சில் இன்னும் கொஞ்சம் திணறல். ஊய்ங் சத்தம் முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

தினேஷ், 6.45
அது போகாது அண்ணே, தேய்ந்தது தேய்ந்ததுதான். எவ்வளவு நாள் தாங்கும் என்று நான் எப்படிச் சொல்வது. 240 மணியில் பில்டரைக் கழற்றி மறுபடி வெட்டிப் பார்ப்போம். பொன்தூள் குறைந்திருந்தால் அப்படியே ஓட்டலாம். கூடியிருந்தால் பம்பை மட்டும் இறக்கி நான் வேலை செய்கிற இடத்தில் பிரித்துப் பார்ப்போம், அப்போதும் 17,800 ஆகாது.

ஜாவி சித்தப்பா, 6.52
கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவிட்டேன். 240 பில்டர். டிராக்டர் ஆயில் மட்டும். அந்த 68 டின்னைக் கொல்லைக்கு அந்தப் பக்கம் வைத்தாயிற்று, இனி என் கைக்கு எட்டாது.

குமரன், 6.55
வண்டிக்கு மேல் தகரக் கூரையும் போடுகிறேன், அடுத்த சனிக்கிழமை. கடையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது, நிறுவனத்து ஆள் வந்து பார்த்த பிறகு சொல்வார்களாம். பார்க்கலாம்.

பெரியம்மா, 7.10
என் தோசைக்கல் எங்கே

தினேஷ், 7.11
கழுவிவிட்டேன் பெரியம்மா

பெரியம்மா, 7.12
அதில் நீயே சுட்டுச் சாப்பிடு. சனிக்கிழமை வரும்போது ஜாவி பாசாரில் புதுக் கல் வாங்கி வா, இரும்புக் கல்தான் வேண்டும், ஒட்டாத கல் எல்லாம் வேண்டாம்