மேடைப்பாத்தி நிரப்ப என்ன கலவை? நெல்லைப் பக்கத்து அனுபவசாலிகள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வள்ளியூர் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஹாலோ பிளாக் கல் அடுக்கி மேடைப்பாத்தி கட்டியிருக்கிறோம். 8 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதாவது 48 கன அடி. முழுவதையும் மண்ணும் தொழுவுரமுமாக நிரப்பினால் செலவு கையைக் கடிக்கும்.

அதனால் அடியில் அரை அடிக்கு வாழைத்தண்டு, காய்ந்த தென்னை மட்டை, சருகு போட்டு, மேலே செம்மண், மக்கிய தொழுவுரம், அலசிய தென்னை நார்க்கழிவு கலந்து போடலாம் என்று நினைக்கிறேன். நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கிவிடும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் பயமெல்லாம் கரையான்தான். எங்கள் செம்மண்ணில் காய்ந்த மட்டையைப் புதைத்தால் விருந்து வைத்தது போல் ஆகிவிடுமா? மட்டையை விட்டுவிட்டு வாழைத்தண்டு மட்டும் போட்டால் போதுமா? அது மக்கும்போது பாத்தி எவ்வளவு இறங்கும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கத்தரி, மிளகாய் நாற்று நட்டு, வெண்டையும் சீனியவரையும் விதைக்க ஆசை. அம்மாவுக்குத் தன் கையால் பறித்த காயில்தான் குழம்பு வைக்க வேண்டும். இந்த மண்ணில் செய்து பார்த்தவர்கள் கலவை அளவைத் தயவுசெய்து சொல்லுங்கள். படம் இருந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.